ஹீட்டர் பிளக்: குட்டியானைக்கு எது, மலையேறும் வண்டிக்கு எது?

மார்கழி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “அண்ணா, ஒரே ஒரு ஹீட்டர் குடுங்க, காலைல வண்டி எடுக்க மாட்டேங்குதுங்க.” கடைக்காரர் அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டுவார், வாங்குபவர் விலையை மட்டும் கேட்பார். அந்தப் பிளக் எத்தனை வோல்ட், உள்ளே ஒரு சுருளா இரண்டு சுருளா, முனை எஃகா பீங்கானா என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றையும் கேட்காமல் வாங்கிய பிளக்தான் பின்னால் எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்ற வைக்கிறது. கோவை, ஈரோடு, சேலம் கடைகளில் இப்போது கிடைக்கும் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்வதுதான் இந்த மதிப்புரை.

டீசல் எஞ்சினைக் குளிரில் எடுக்க உதவும் இதற்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் க்ளோ பிளக். பட்டறையில் ஹீட்டர் பிளக், சுருக்கமாக ஹீட்டர். பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் எஞ்சின் ஓடும் வரை ஓயாமல் பொறி கொடுத்துக்கொண்டே இருக்கும். ஹீட்டர் பிளக்குக்கு ஸ்டார்ட் ஆவதற்கு முன் சில நொடியும், ஸ்டார்ட் ஆன பிறகு இரண்டு மூன்று நிமிடமும்தான் வேலை. பென்சிலைவிட மெல்லிய ஒரு மின் அடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அடுப்பு எதற்கு? டீசல் எஞ்சினில் தீ மூட்டுவது அழுத்தம். காற்றை 17 மடங்கு சுருக்கும் எஞ்சினில், வெளிக்காற்று 30 டிகிரி இருந்தால் செல்ஃப் அடிக்கும் வேகத்திலேயே சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 430 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். வெளிக்காற்று 0 டிகிரி என்றால் அது 365 டிகிரி அளவில் நின்றுவிடும். இந்தக் கணக்கு பேட்டரியும் பிஸ்டன் ரிங்கும் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு. குளிரில் ஆயில் கெட்டிப்படுவதால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்க நேரம் கிடைக்கும், தேய்ந்த ரிங் வழியாகக் காற்றும் கசியும். இவை எல்லாம் சேர்ந்தால் அதே எஞ்சினில் சூடு 210 டிகிரியை ஒட்டி வந்துவிடும். டீசல் தானாகப் பற்றும் எல்லைக்கோடு ஏறக்குறைய அதுதான். ஆனால் ஸ்டார்ட் ஆவதற்கு அந்தக் கோட்டைத் தொட்டால் மட்டும் போதாது. நாசில் பீய்ச்சிய டீசல் ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பற்றியாக வேண்டும். அதற்கு இன்னும் நிறையச் சூடு தேவை. அந்தக் குறையை ஈடுகட்டவே 850 முதல் 1000 டிகிரி வரை சிவக்கும் கம்பி ஒன்றை டீசல் தூவும் இடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள்.

“நம்ம ஊர்ல என்ன குளிருங்க, இதெல்லாம் காஷ்மீருக்குத்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயமான கேள்விதான். கோவை, திருப்பூர், நாமக்கல் சமவெளியில் தை மாத விடியற்காலை கூட 17, 18 டிகிரிக்குக் கீழே போவது அரிது. அந்தச் சூட்டில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் தூவப்படும் எஞ்சின்கள், அதாவது லாரி, பெரும்பாலான டிராக்டர், போர்வெல் வண்டியின் கம்பரசர் எஞ்சின் போன்றவை, ஹீட்டரே இல்லாமல் எடுத்துவிடும். பலவற்றுக்கு ஹீட்டர் பிளக் பொருத்தும் துளையே கிடையாது. சிலவற்றில் காற்று உள்ளே வரும் குழாயில் ஒரு சூடேற்றும் கம்பி மட்டும் இருக்கும். தோட்டத்துக் கிணற்றில் கையால் சுற்றி எடுக்கும் ஒற்றைச் சிலிண்டர் பம்ப்செட்டுக்கும் இது தேவையில்லை.

கதை மாறுவது முன்னறை எஞ்சின்களில். பட்டறையில் பிரீ சேம்பர் என்பார்கள். குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் 702 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், பழைய இண்டிகாவின் 1.4 லிட்டர், குவாலிஸின் 2.4 லிட்டர், பழைய சுமோவின் 2 லிட்டர் எல்லாம் இந்த ஜாதி. டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் தூவப்பட்டு அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குப் பரவும். அறை சின்னது, அதைச் சுற்றியுள்ள இரும்புச் சுவர் பெரியது. அழுத்தத்தில் பிறந்த சூட்டை அந்தச் சுவர் குடித்துவிடும். அதனால்தான் இந்த எஞ்சின்களுக்கு 22 மடங்கு வரை அழுத்தம் வைத்தும், ஹீட்டர் இல்லாமல் குளிர்ந்த எஞ்சினை எடுப்பது கஷ்டம். இவற்றுக்குத் திருப்பூரின் 20 டிகிரி காலையும் குளிர் காலைதான். குட்டியானையில் இரண்டில் ஒரு பிளக் போனால் பாதி எஞ்சின் போனது மாதிரி, அதனால் அதில் அறிகுறி சட்டென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது கூட்டம், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகள். இவற்றில் அழுத்த விகிதம் 16, சிலவற்றில் அதற்கும் கீழே. வண்டி எப்படியோ எடுத்துக்கொள்ளும், ஆனால் ஹீட்டர் செத்திருந்தால் முதல் சில நிமிடம் எரியாத டீசலும் கரியும் புகை வடிகட்டியில் போய்ச் சேரும். சிலிண்டர் சுவரில் ஒட்டிய டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்க வைக்கும். “எடுக்குதே, எதுக்கு மாத்தணும்” என்று இரண்டு வருடம் ஓட்டினால், பிளக்கில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவை அந்த வடிகட்டி கேட்கும்.

மலையில் இன்னொரு சிக்கலும் சேருகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கும் வண்டிகள் விடியுமுன்னே ஊட்டியிலும் கோத்தகிரியிலும் எடுத்தாக வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே. சுருக்குவதற்குக் கிடைக்கும் காற்றே குறைவு, அதன் மேல் உறைபனி. வால்பாறை, ஏற்காடு, தாளவாடி, பர்கூர் மலைப் பக்கம் இவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் சமவெளியில் அரை உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் பிளக் அங்கே ஒரு ராத்திரி நின்றால் காட்டிக்கொடுத்துவிடும். ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் வண்டி எடுத்து உடனே அணைந்து, மறுபடி எடுத்து மறுபடி அணைந்தால், டீசலில் மெழுகு திரண்டு பில்டர் அடைத்திருக்கலாம். அதற்கு ஹீட்டர் மாற்றிப் பயனில்லை.

இனி கடையில் கிடைப்பவை.

முதல் வகை, பழைய ஒற்றைச் சுருள் பிளக். உலோகக் குழல், உள்ளே ஒரே ஒரு சூடேற்றும் சுருள், சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூள். சிவக்க 20 நொடிக்கு மேல் ஆகும். பழைய காலத்து வண்டிகளுக்கு இப்படித்தான் வந்தது. அந்த எஞ்சினுக்கு அதே பகுதி எண்ணில் வாங்கினால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டிரைவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வகை, இரட்டைச் சுருள் பிளக். நம் ஊர்க் குட்டியானைக்கும் குவாலிஸுக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். நுனியில் சூடேற்றும் சுருள், அதற்குப் பின்னால் தொடராகக் கட்டுப்படுத்தும் சுருள். குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது சுருளின் மின்தடை குறைவு, மின்சாரம் பாய்ந்து வந்து நுனி சில நொடியில் சிவக்கும். சூடு பின்னால் பரவப் பரவ இரண்டாவது சுருளின் தடை ஏறி, மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 20 ஆம்பியர் அளவில் தொடங்கி 10 ஆம்பியர் பக்கம் இறங்கி நிற்கும். ஸ்டார்ட் ஆன பிறகு ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் இந்தச் சுருள் பிளக்கைக் காப்பாற்றும். பாஷ், பெரு, என்ஜிகே போன்ற பழைய கம்பெனிகள் எல்லாம் இந்த வகையைச் செய்கின்றன. அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தேட வேண்டியதில்லை. வண்டிக்கான பகுதி எண் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

மூன்றாவது வகை, குறை வோல்ட் எஃகுப் பிளக். பார்க்க இரண்டாவது வகையைப் போலவேதான் இருக்கும், ஆபத்தே அங்கேதான். உடலில் 12 வோல்ட் என்பதற்குப் பதில் 4.4, 5 அல்லது 7 என்று பொறித்திருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி முதலில் ஒன்றிரண்டு நொடி மட்டும் முழு பேட்டரி வோல்ட்டைக் கொடுத்து நுனியை 1000 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, பிறகு விட்டு விட்டு மின்சாரம் கொடுத்துச் சராசரியைக் குறைத்து வைத்துக்கொள்ளும். பெட்டியோடு சேர்ந்து வேலை செய்யும்போது மிக நல்ல பிளக். அதையே வெறும் சுவிட்ச் போல வேலை செய்யும் பழைய ரிலே உள்ள வண்டியில் போட்டால் 12 வோல்ட் விடாமல் பாய்ந்து சில நொடியில் கருகும். திருப்பிச் செய்தாலும் தப்புதான். 12 வோல்ட் பிளக்கை இந்தப் பெட்டியில் மாட்டினால் சரியாகச் சிவக்காது, மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

நான்காவது வகை பீங்கான். சிலிக்கன் நைட்ரைடு முனை, 2 நொடியில் 1000 டிகிரியைத் தாண்டும், 1300 டிகிரி வரை தாங்கும், ஸ்டார்ட் ஆன பிறகும் நீண்ட நேரம் சிவந்து நிற்கும். ஆயுளும் அதிகம். விலை எஃகுப் பிளக்கைப் போலப் பல மடங்கு. பீங்கானோடு வந்த வண்டிக்குப் பீங்கானே வாங்குங்கள், அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். எஃகோடு வந்த வண்டிக்கு “இது இன்னும் நல்லதுங்க” என்று யாராவது பீங்கானைத் தந்தால் வாங்க வேண்டாம். வோல்ட்டும் நேரமும் வேறு, கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கு எழுதப்பட்டதில்லை. பீங்கான் முனை கண்ணாடி மாதிரி உடையும். கைதவறி ஒரு முறை தரையில் விழுந்தாலும் அந்தப் பிளக்கை எஞ்சினில் போடாதீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது துண்டு விழுந்து பிஸ்டனைக் கீறும், டர்போவுக்கும் போகும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. பெயரில்லாத பெட்டியில், அல்லது பெரிய கம்பெனியின் பெயரைப் போலவே எழுதிய பெட்டியில் பாதி விலைக்கு வரும் பிளக். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் அதிகம் நகர்வதும் இதுதான், பட்டறைகளில் அதிகம் அழ வைப்பதும் இதுதான். வேகமாகச் சிவக்கிறது என்று காட்டுவதற்காகத் தடை குறைந்த ஒற்றைச் சுருளை வைத்துவிடுவார்கள், கட்டுப்படுத்தும் சுருள் இருக்காது. முதல் மாதம் அருமையாக எடுக்கும். மின்சாரம் குறையாமல் பாய்வதால் குழல் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே தூள் தளர்ந்து, நுனி வீங்கும். துளைக்குள் 5 மில்லிமீட்டர் கம்பியாகப் போனது வெளியே வரும்போது அதைவிடத் தடித்திருக்கும், அதனால் வராது. முறுக்கினால் கழுத்து ஒடிந்து நுனி ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும், லேத் பட்டறைக்குப் போக வேண்டும், வண்டி நாள் கணக்கில் நிற்க வேண்டும். பிளக்கில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் இதற்கெல்லாம் எந்த மூலைக்கு?

நல்ல பிளக்கைக் கண்ணாலேயே ஓரளவு அடையாளம் காணலாம். மேசைமேல் உருட்டினால் நுனி ஆடாமல் நேராகச் சுற்ற வேண்டும். கம்பி மரைக்கு நடுவே நிற்க வேண்டும். குழலின் முனை ஒரே வழவழப்பாக மூடியிருக்க வேண்டும், பற்றவைத்த மேடு தெரியக் கூடாது. ஹெட்டில் அமரும் கூம்பு வளையத்தில் கீறல் இருக்கக் கூடாது. வோல்ட்டும் பகுதி எண்ணும் உலோகத்தில் பொறித்திருக்க வேண்டும், மையில் அச்சிட்டு விரலால் தேய்த்தால் அழியக் கூடாது. பழைய பிளக்கைக் கையோடு கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். 2, 3 மில்லிமீட்டர் நீளம் கூடினால் நாசில் தூவும் வழியில் நீட்டிக்கொண்டு கருகும், குறைந்தால் துளைக்குள் ஒளிந்து கரி மூடிக்கொள்ளும். மரை ஒன்றாக இருப்பதால் மட்டும் பிளக் ஒன்றாகிவிடாது. ஒரே குடும்ப எஞ்சினிலேயே வருடத்தைப் பொறுத்து வேறு வேறு வோல்ட் வந்திருக்கிறது, எனவே வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லிப் பகுதி எண்ணைக் கேட்டு வாங்குவதே உத்தமம்.

கண்ணுக்கு மேல் ஒரு சோதனை இருக்கிறது. அதைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட் என்று பொறித்த எஃகுப் பிளக்குக்கு மட்டுமே இது பொருந்தும். குறை வோல்ட் பிளக்கையும் பீங்கானையும் இப்படிப் பேட்டரியில் வைத்தால் கையிலேயே போய்விடும். பிளக்கின் உடலை வைஸில் பிடித்து, பேட்டரியின் மைனஸை வைஸில் மாட்டி, பிளஸிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக முனையத்துக்குக் கொடுக்க வேண்டும். சிவக்கும் நுனியைத் தொடாதீர்கள், பக்கத்தில் டீசல் துணி இருக்கக் கூடாது. நுனி முதலில் சிவந்து, சிவப்பு பின்னோக்கி நகர வேண்டும். நடுவில் முதலில் சிவந்தால் அந்தப் பிளக் வேண்டாம். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் ஏறி நின்று பத்து இருபது நொடிக்குள் பாதியளவுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் உள்ளே கட்டுப்படுத்தும் சுருள் இருக்கிறது. இறங்காமல் அங்கேயே நின்றால், பெட்டியில் இரட்டைச் சுருள் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இல்லை. உடனே கம்பியை எடுத்துவிடுங்கள். கிளாம்ப் மீட்டர் டிசி அளப்பதாக இருக்க வேண்டும். கோவையில் மோட்டார் வேலை செய்பவர்களிடம் இருக்கும் பல மீட்டர்கள் ஏசி மட்டுமே காட்டும், அதில் இங்கே பூஜ்யம்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் ஹீட்டர்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது இன்னும் நல்லது. எடுத்ததும் கண் எரியும் வெள்ளைப் புகை, டீசல் வாடை, எஞ்சின் ஒரு பக்கம் மிஸ் அடித்துக் குலுங்கி, அரை நிமிடத்தில் தானே சரியாவது என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிளக் செத்திருக்கும். நீலப் புகை ஆயில் எரிவது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் நாசிலையோ ஹெட் கேஸ்கெட்டையோ பாருங்கள். மீட்டர் போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே, ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பழைய வண்டிகளில் அந்த விளக்கு வெறும் நேரக் கணக்கு. நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அதே நேரத்துக்கு எரிந்து அணையும். புதிய வண்டிகளில் ஸ்கேனரில் பி 0671 முதல் பி 0674 வரை வந்தால் முறையே ஒன்று முதல் நான்காம் சிலிண்டர் பிளக்கின் சுற்று, பி 0670 என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சுற்று.

மீட்டரோடு பார்க்க: முதலில் பேட்டரி. நின்ற நிலையில் 12.4 வோல்ட்டுக்கு மேல், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். இது தேறாவிட்டால் பிளக்கைத் தொடவே வேண்டாம். அடுத்து, பிளக்குகளை இணைக்கும் தகட்டில் சாவி போட்டதும் பேட்டரியை ஒட்டிய வோல்ட் வருகிறதா? வராவிட்டால் ரிலே அல்லது பெரிய ஃபியூஸ். வந்தால் சாவியை எடுத்துத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிளக் முனையத்துக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். 12 வோல்ட் பிளக் நல்லதாக இருந்தால் அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓம் அளவில் காட்டும். எண்ணே வராவிட்டால் செத்தது. மலிவு மீட்டரின் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், இரண்டையும் ஒட்டிப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால் 21 வாட் பல்பு போதும். ஒரு முனையைப் பேட்டரி பிளஸில் வைத்து மறுமுனையால் பிளக்கைத் தொட்டால் நல்ல பிளக்கில் பல்பு எரியும். சுருள் அறுந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் பல்பு சொல்லும், சரியாகச் சிவக்கிறதா என்பதைச் சொல்லாது.

ஒன்று செத்திருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா? மற்றவை சமீபத்தில் போட்டவை என்றால் மாற்றலாம். 1 லட்சம் கிலோமீட்டரை ஒட்டி ஓடிய பழைய செட் என்றால் மொத்தமாக மாற்றுங்கள். நான்கும் ஒரே வயது, மற்ற மூன்றும் அதே பொங்கலுக்குள் வரிசையாகப் போகும். கூலியும் நான்கு முறை.

கழற்றுவதில்தான் கைத்திறன் தெரியும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு கழற்ற வேண்டும். முதல் நாள் இரவே துரு விடுவிக்கும் எண்ணெயை மரையைச் சுற்றி ஊற்றி வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேட்டரி மைனஸை எடுத்துவிட்டுத்தான் தகட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். முறுக்கும் விசையை நியூட்டன் மீட்டரில் அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் மெல்லிய மரை உள்ள பிளக்கைக் கொடுக்காதீர்கள். 8 மில்லிமீட்டர் மரை 20 நியூட்டன் மீட்டரில் ஒடியும், 10 மில்லிமீட்டர் 35லும், 12 மில்லிமீட்டர் 45லும். நீளமான கைப்பிடி போட்டால் இந்த அளவைத் தாண்டுவது கைக்கே தெரியாது. அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு, அரைச் சுற்றுக் கூட வேண்டாம், மயிரிழை இடமும் வலமுமாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். இன்னும் அசையாவிட்டால், கட்டுப்படுத்தும் சுருள் உள்ள 12 வோல்ட் பிளக் என்றால், தனிக் கம்பியில் அதற்குச் சில நிமிடம் மின்சாரம் கொடுத்துச் சிவக்க வைத்தால் நுனியைப் பிடித்திருக்கும் கரி எரிந்து இளகும்.

வெளியே வந்த பிளக்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நுனி உருகியிருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசில் சொட்டுகிறது அல்லது பம்பு டைமிங் முந்தியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் போடும் புதுப் பிளக்கும் உருகும். குழல் வீங்கியிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டு ஓடும்போதும் மின்சாரம் போயிருக்கும், அல்லது வோல்ட் மிஞ்சியிருக்கும். நுனி முழுக்க ஈரக் கரி என்றால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் வருகிறது. முனையம் ஆடினால் நட்டை முரட்டுத்தனமாக முறுக்கியிருக்கிறார்கள்.

வோல்ட் மிஞ்சுவதற்கு நம் பக்கம் ஒரு தனிக் காரணம் உண்டு. நாமக்கல், சங்ககிரி வழியில் பேட்டரி இறங்கி நிற்கும் சின்ன வண்டிக்கு லாரிக்காரர்கள் மனதார உதவ வருவார்கள். லாரியில் 24 வோல்ட். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துக் கம்பி போட்டுச் சாவியைத் திருகினால் பிளக்குகள் நொடியில் எரியும், இன்னும் சில பொருள்களும் சேர்ந்து போகும். லாரியின் இரண்டு பேட்டரியில் எதன் மைனஸ் சேசிஸில் மாட்டியிருக்கிறதோ அந்த ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

புதுப் பிளக்கை மாட்டுமுன் துளையில் உள்ள கரியை அதற்கான ரீமரால் எடுக்க வேண்டும். ரீமரின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் கரி அதில் ஒட்டி வெளியே வரும். பிறகு டீசல் போகாதபடி செய்துவிட்டு ஒரு முறை செல்ஃப் அடித்தால் மிச்சக் கரி பறந்துவிடும், முகத்தைத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். பிளக்கை முதலில் விரலால் கடைசி வரை சுற்றி, பிறகு 8 மில்லிமீட்டருக்கு 10, 10 மில்லிமீட்டருக்கு 15 முதல் 18, 12 மில்லிமீட்டருக்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர். வண்டிக் கம்பெனி வேறு எண் சொன்னால் அதுவே சரி. மேல் நட்டுக்கு 2, 3 நியூட்டன் மீட்டர் போதும். கரி மிச்சம் இருந்து கூம்பு சரியாக அமராவிட்டால் எரிந்த வாயு கசிந்து பிளக்கைச் சுட்டுவிடும், அடுத்த முறை கழற்றவும் விடாது.

பிளக் புதிதாக இருக்க, ரிலே பழையதாக இருந்தால் காசு வீண். ரிலே முனைகள் கருகியிருந்தால் போதிய மின்சாரம் போகாது, ஒட்டிக்கொண்டால் புதுப் பிளக் ஒரே வாரத்தில் வீங்கும். எஞ்சின் ஓடிச் சூடான பிறகு தகட்டில் இன்னும் வோல்ட் வருகிறதா என்று மாற்றிய அன்றே பார்த்துவிடுங்கள்.

காற்று வடிகட்டி வாயில் பெட்ரோல் துணியை வைத்தோ ஸ்பிரே அடித்தோ எடுக்கும் பழக்கம் மலைப் பக்கம் இன்னும் இருக்கிறது. ஹீட்டர் உள்ள எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே ஏற்கெனவே சிவந்த கம்பி நிற்கிறது. பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து ரிங்கையும் கனெக்டிங் ராடையும் உடைக்கும், நெருப்பு திரும்பி ஆளையும் சுடும்.

கடையில் கடைசியாக ஒன்று. மின்சாரப் பொருளுக்குப் பெரும்பாலான கடைகளில் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் நான்கு பிளக்கையும் பில்லில் பகுதி எண்ணோடு எழுதி வாங்கி, ஓம் சோதனையை அங்கேயே நான்குக்கும் செய்துவிடுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அதை அப்போதே மாற்றிக் கேளுங்கள்.